குப்பியில் வரும் சந்தன எண்ணெயும் கல்லில் இழைக்கும் சந்தனமும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுப் பையனுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. "சந்தனம் போடு, அடங்கிடும்" என்று உங்கள் அத்தை சொன்னார். நீங்கள் திருப்பாப்புலியூரில் ஒரு கடைக்குப் போய், 'சுத்தமான சந்தன எண்ணெய்' என்று எழுதிய 10 மில்லி குப்பியை 180 ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டீர்கள். அதைக் குழந்தைக்குத் தடவலாமா, அது அசல்தானா, உங்கள் வீட்டுக்காரரின் நீர்க்கடுப்புக்குப் பாலில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுக்கலாமா, அந்தக் காலத்தில் பெரியவர்கள் சந்தன எண்ணெயை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி வைத்துப் போன சந்தனக் கட்டையும் கல்லும் பரணில் கிடப்பதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் மிக முக்கியமாகப் பட்டது.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த எண்ணெயைக் குழந்தைக்குத் தடவாதீர்கள். பாலிலும் விடாதீர்கள். குப்பியை மூடி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே தடவியிருந்தால் கொஞ்சம் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். சிவந்தோ தடித்தோ போயிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

நான் புதுச்சேரியில் ஊதுபத்திக்கும் வாசனைப் பொருள்களுக்கும் மணம் கலக்கும் வேலையில் 22 வருஷமாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை. சந்தன எண்ணெயைக் கிலோக் கணக்கில் வாங்கி, முகர்ந்து, ஏமாந்து, கற்றுக்கொண்டவன் என்ற முறையில்தான் பேசுகிறேன். மருந்து சம்பந்தமாகச் சொல்லும் இடங்களில் எதுவரை எனக்குத் தெரியுமோ அதுவரைதான் போவேன்.

உங்கள் அத்தை சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அவர் சொன்னது சந்தனம். நீங்கள் வாங்கியது சந்தன எண்ணெய். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். என்னிடம் வந்து கேட்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் வழி மாறுகிறார்கள். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பழகியது கல்லில் தண்ணீர் விட்டு இழைத்த சந்தனம். அதற்குச் சொன்ன குணங்களை எல்லாம் எடுத்து, நேற்று குப்பியில் வந்த எண்ணெயின் மேல் ஏற்றிவிட்டோம்.

குளிர்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இழைத்த சந்தனத்தை நெற்றியில் வைத்தவுடன் ஜில்லென்று இருக்கிறது. எதனால்? அந்தச் சாந்தில் பெரும்பங்கு தண்ணீர். மிக நுண்ணிய மரத்தூள் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல ஆவியாக விடுகிறது. ஆவியாகும் தண்ணீர் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். சாந்து காய்ந்து வெடித்து உதிரும்வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். சந்தன எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அதுவோ மிக மிக மெதுவாக ஆவியாகும் பொருள். ஆகவே அந்தக் குளிர்ச்சியை அது தர முடியாது. வாசனை மட்டும் நமக்குப் பழைய ஞாபகத்தைக் கிளப்பி, குளிர்ச்சி வந்ததுபோல் தோன்றவைக்கும்.

வேர்க்குரு விஷயத்தில் இது இன்னும் மோசமாகிறது. வேர்வை வெளியே வரும் துளைகள் அடைபட்டு, வேர்வை தோலுக்குள்ளேயே தேங்குவதால் வருவது வேர்க்குரு. கடலூர், புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊர்களில் சித்திரை, வைகாசியில் வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் ஆளைக் கொல்கிறது; வேர்வை காயவே காயாது. அந்த நேரத்தில் தேங்காய் எண்ணெயில் கலந்தோ கலக்காமலோ எதையாவது எண்ணெயாகப் பூசினால், அடைபட்ட துளை மேலும் அடைபடும். அத்தை சொன்ன சந்தனம் தோலைக் குளிரவைத்துக் காயவைக்கும். குப்பி எண்ணெய் அதற்கு நேர்மாறாகப் போகும்.

'எண்ணெய்' என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. எள்ளிலிருந்து வந்த நெய்யைத்தான் முதலில் எண்ணெய் என்றோம். அதனால் எண்ணெய் என்றாலே கை நிறைய ஊற்றித் தேய்ப்பது, தாளிப்பது, குடிப்பது என்று மனசு போய்விடுகிறது. சந்தன எண்ணெய் அந்த ஜாதியே இல்லை. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கொழுப்பு. சந்தன எண்ணெய் என்பது மரத்தின் வாசனைச் சரக்கை நீராவியில் பிரித்தெடுத்துச் செறிவாக்கியது. சொட்டில் அளப்பது, கரண்டியில் அளப்பது இல்லை.

இன்னொரு குழப்பம் சந்தனாதித் தைலம். நாட்டு மருந்துக் கடையில் "சந்தனத் தைலம்" என்று கேட்டால் சில சமயம் இதைக் கொடுப்பார்கள். அது சந்தனத்தோடு வேறு பல மூலிகைகளையும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சியது; தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கு. அதைத் தேய்க்கும் அளவில் வாசனை எண்ணெயைத் தேய்த்தால் தோல் பொறுக்காது.

சரி, இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அது அசலா என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். சந்தன மரம் ஒரு பாதி ஒட்டுண்ணி. இலை பச்சைதான், தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். ஆனால் வேர் தனியாக நிற்காது. பக்கத்தில் இருக்கும் மரத்தின் வேரைத் தேடிப் போய்ப் பிடித்து, அதிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். துவரை, சவுக்கு, அகத்தி என்று நூற்றுக்கணக்கான செடிகளோடு அது ஒட்டிக்கொள்ளும். தனியாக நட்ட சந்தனக் கன்று முதலில் நன்றாக இருப்பதுபோல் இருந்து, அப்புறம் மஞ்சளித்துப் போவது இதனால்தான். பழத்தைக் குருவிகள் தின்று எச்சமிடும் இடத்தில் தானாக முளைக்கும். வேலியோரப் புதரில் தானாக வந்தது நர்சரிக் கன்றைவிடத் தெம்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே துணைச்செடி ஏற்கெனவே காத்திருக்கிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் நிலம் வைத்திருப்பவர்கள் இப்போது கன்று வாங்கி வைக்கிறார்கள். வைக்கலாம். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மட்டும் வேண்டாம். பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதைக் கன்று விற்பவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

மரம் முழுக்க மணக்காது. வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியில் ஒன்றும் இல்லை. உள்ளே வைரம் பாய்ந்த பகுதியிலும் வேரிலும்தான் எண்ணெய். வைரம் பாயத் தொடங்கவே பத்து வருஷம்போல ஆகும். நல்ல எண்ணெய்ச் செறிவு வர 25, 30 வருஷம். வேரிலும் எண்ணெய் இருப்பதால் சந்தன மரத்தை அடியில் வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் காடுகள் சந்தனத்துக்குப் பேர்போனவை; திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கு இருக்கிறது. அங்கே தரம் பிரித்து ஏலம் விடுவார்கள்.

எண்ணெய் எடுக்கும் முறை பார்ப்பதற்கு எளிது. வைரக்கட்டையையும் வேரையும் சீவி, தூளாக அரைத்து, பெரிய கலத்தில் போட்டு நீராவி விடுவார்கள். நீராவி வாசனையைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியாகப் போய், குளிர்ந்து, தண்ணீரும் எண்ணெயுமாக இறங்கும். எலுமிச்சைப் புல் மாதிரி இது சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. முதல் சில மணி நேரத்தில் லேசான கூட்டுப்பொருள்கள் வந்துவிடும். கனமானவை, அதாவது சந்தனத்துக்குச் சந்தன மணம் தரும் சாண்டலால்கள், இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் ஆவி விட்டால்தான் முழுசாக இறங்கும். வெளிர் மஞ்சள் நிறம், சாய்த்தால் பாகு மாதிரி மெதுவாக நகரும். கலத்தில் மிஞ்சிய தூளிலும் கொஞ்சம் வாசனை தங்கியிருக்கும். அதைக் காயவைத்து ஊதுபத்தி மாவில் சேர்ப்போம். எங்கள் தொழிலுக்கு அந்தச் சக்கை ஒரு வரப்பிரசாதம்.

இப்போது உங்கள் 180 ரூபாய்க்கு வருவோம். நல்ல வைரக்கட்டையில் எடைக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் கிடைத்தால் அது நல்ல விளைச்சல். அப்படிப் பார்த்தால் 10 மில்லி எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 200 கிராம் வைரக்கட்டை வேண்டும். மூன்று நாள் எரிபொருள், கூலி, குப்பி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். கோயில் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு உண்மையான சந்தனத் துண்டு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 200 கிராம் அசல் கட்டையே 180 ரூபாய்க்குக் கிடைக்காது. அதைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் எப்படிக் கிடைக்கும்? உங்கள் குப்பியை நான் முகர்ந்து பார்க்கவில்லை, ஆனால் இந்தக் கணக்கு ஒன்றே போதும். அதில் சந்தன எண்ணெய் இருந்தால் பேருக்குத்தான் இருக்கும். மீதி வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ' என்ன என்பதுதான் குழந்தை விஷயத்தில் எனக்குக் கவலை. சிலர் விளக்கெண்ணெய் கலப்பார்கள். அது பரவாயில்லை என்றே சொல்வேன். திரவ பாரஃபின், வாசனைத் தொழிலில் வாசனையைக் கரைத்து நீர்க்கவைக்கப் பயன்படும் மணமில்லாத கரைப்பான்கள், தேவதாரு வகை எண்ணெய்கள், செயற்கைச் சந்தன வாசனை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். அமிரிஸ் என்று ஒரு மரம் இருக்கிறது, எலுமிச்சைக் குடும்பம். அதன் எண்ணெய் 'மேற்கிந்தியச் சந்தனம்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறது. ஆஸ்திரேலியச் சந்தனம் உண்மையிலேயே சந்தனக் குடும்பம்தான், ஆனால் நம் மரம் இல்லை, சாண்டலால் குறைவு. நம் மரத்தின் எண்ணெய்க்கு உலகத் தர அளவு ஒன்று உண்டு: ஆல்ஃபா சாண்டலால் நூற்றுக்கு 41 முதல் 55 வரை, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 வரை இருக்க வேண்டும். விற்பவர் கையில் ஆய்வக அறிக்கை இருந்தால் இந்த இரண்டு எண்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மூக்கால் கண்டுபிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மூக்கைப் பழக்கிவிட்டவர் முல்லா வீதிப் பக்கம் அத்தர் வியாபாரம் செய்த ஒரு பெரியவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் அவர் சந்தன எண்ணெயில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் கொடுத்தார். முகர்ந்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பால் காய்ச்சும்போது வரும் மணம் மாதிரி, லேசாக மரத்தூள் மாதிரி, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு விலை என்று நினைத்தேன். அவர் பட்டையில் பென்சிலால் தேதி எழுதி, சுவரில் ஆணியில் குத்திவைத்துவிட்டு, "நாலு நாள் கழிச்சு வா தம்பி" என்றார். போனேன். பக்கத்தில் குத்தியிருந்த மற்றப் பட்டைகள் எல்லாம் வெறும் காகிதம் ஆகிவிட்டன. சந்தனப் பட்டை மட்டும் முதல் நாளைவிட இனிப்பாக, உருண்டையாக, நெய் மாதிரி மணத்தது. அன்றைக்குத்தான் சந்தனம் என்றால் என்ன என்று புரிந்தது. குப்பியைத் திறந்தவுடன் அறை முழுக்கத் 'தூக்கினால்' சந்தேகப்படு என்று அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்படிச் சொல்லிக்கொடுத்தும் நான் ஏமாந்தேன். தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், வெளியூர் வியாபாரி ஒருவரிடம் அரைக் கிலோ வாங்கினேன். பட்டையில் நாலு நாள் என்ன, பத்து நாள் நின்றது. நம்பிவிட்டேன். அப்புறம் ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்காக ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால், சாண்டலால் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. நீடித்து நின்றது செயற்கை வாசனை. இப்போது வரும் செயற்கைச் சந்தன வாசனைகளில் சில வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே மூக்கு மட்டமான போலியைக் காட்டிக்கொடுக்கும், கெட்டிக்காரப் போலியைக் காட்டிக்கொடுக்காது. தவிர, சந்தன மணத்தின் சில கூறுகள் சிலர் மூக்கில் படவே படாது. அவர்கள் மேல் குற்றம் இல்லை, மூக்கின் அமைப்பு அப்படி.

தண்ணீரில் விட்டுப் பார், தாளில் கறை படிகிறதா பார், உள்ளங்கையில் தேய்த்துப் பார் என்று சொல்லப்படும் சோதனைகள் எதையும் நான் நம்புவதில்லை. சந்தன எண்ணெய் மெதுவாக ஆவியாவதால் தாளில் அசலும் கறை வைக்கும். ஒரே ஒரு எளிய சோதனைக்கு மட்டும் அர்த்தம் உண்டு: 70 சதவீத ஆல்கஹாலில், ஒரு பங்கு எண்ணெய்க்கு ஐந்து பங்கு என்று கலந்தால் அசல் எண்ணெய் தெளிவாகக் கரைந்துவிடும். பால் மாதிரிக் கலங்கினால் விளக்கெண்ணெயோ வேறு கொழுப்பு எண்ணெயோ சேர்ந்திருக்கிறது. ஆனால் கலங்காவிட்டால் அசல் என்று ஆகாது. கரைப்பானும் செயற்கை வாசனையும் அதில் அமைதியாகக் கரைந்து போகும். எண்ணெயில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் வாயுப் பிரிப்புச் சோதனை (கேஸ் குரோமட்டோகிராபி) செய்யும் ஆய்வகம்தான் கடைசி வார்த்தை சொல்லும்.

இதோடு செஞ்சந்தனத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். வெள்ளைச் சந்தனம், மஞ்சள் சந்தனம் இரண்டும் ஒரே மரம். செஞ்சந்தனம் என்கிற செம்மரம் முற்றிலும் வேறு. அதில் வாசனை எண்ணெயே கிடையாது. ஆகவே 'செஞ்சந்தன வாசனை எண்ணெய்' என்று யார் விற்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி, பெரியவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வி. எனக்குப் பிடித்த இடம் இது. சங்கப் பாடல்களில் சந்தனத்துக்கு ஆரம், சாந்தம் என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வீதியில் குவிந்து கிடந்த சரக்குகளில் மேற்கு மலையில் விளைந்த ஆரத்தையும் அகிலையும் பட்டினப்பாலை எண்ணிச் சொல்கிறது. தலைவன் மார்பில் பூசியது சாந்து. அந்தச் சொல்லே அரைத்துக் குழைத்ததைத்தான் குறிக்கிறது. அன்றைக்கும் மரம்தான் வந்தது, கல்லில்தான் இழைத்தார்கள்.

நம் ஊர் வாழ்க்கையைப் பாருங்கள். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனக் கும்பாவை நீட்டுகிறோம். வளைகாப்பில் பெண்ணின் இரண்டு கையிலும் கன்னத்திலும் சந்தனம் பூசுகிறோம். குழந்தைக்கு முடியிறக்கிய கையோடு மொட்டைத் தலையில் சந்தனம் அப்புகிறோம். இந்த வழக்கத்தில் எனக்குத் தனி மரியாதை உண்டு. கத்தி பட்டுச் சிவந்த தலை, மேலே வெயில், அழும் பிள்ளை. அந்த நேரத்தில் ஈரச் சாந்து செய்யும் ஆறுதலை வேறு எதுவும் அவ்வளவு எளிதாகச் செய்யாது. மணக்குள விநாயகருக்குச் சந்தனக் காப்பு சாத்திய நாளில் உள்ளே போனால் அந்த மணத்தோடு ஈரத்தின் குளிர்ச்சியும் சேர்ந்தே வரும். சிதம்பரத்தில் நடராஜருக்கு வருஷத்தில் ஆறு முறை நடக்கும் பெரிய அபிஷேகங்களில் சந்தன அபிஷேகமும் உண்டு. நாகூர் கந்தூரிக்கு இங்கிருந்து போகிறவர்கள் சந்தனக்கூடு பார்க்கத்தான் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். அங்கேயும் சமாதியில் பூசுவது அரைத்த சந்தனம். இத்தனை இடத்தில் ஓரிடத்திலாவது குப்பி எண்ணெய் வருகிறதா?

எண்ணெய்க்குப் பழைய வழக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்குத் தனி வரலாறு உண்டு, அது பெரும்பாலும் அத்தரின் வரலாறு. வடக்கே கன்னோஜில் ரோஜா, தாழம்பூ, மல்லிகையை எல்லாம் செம்புப் பானையில் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் பாத்திரத்தில் இறக்குவார்கள். சந்தன எண்ணெய் பூவின் மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தான் முன்னால் வராது. ஆல்கஹால் இல்லாத வாசனை என்பதால் தொழுகைக்குப் போகிறவர்கள் அதை விரும்பினார்கள். சட்டைக் காலரிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு தொடல், அதுதான் அளவு. பாய் தன் பேரனுக்குக்கூட சட்டையில்தான் தடவுவார், தோலில் தடவ மாட்டார்.

பெரிய ஆலைகளில் எண்ணெய் எடுப்பது நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக் கதைதான். திப்பு சுல்தான் 1792-ல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அதாவது, யார் நிலத்தில் இருந்தாலும் அரசுக்குச் சொந்தம். அப்புறமும் கட்டை கப்பலில் ஐரோப்பா போய், அங்கேதான் எண்ணெய் ஆனது. முதல் உலகப் போர் வந்து கட்டை தேங்கியதும், 1916-ல் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் ஆலை தொடங்கியது. அப்போது விஸ்வேஸ்வரய்யா திவான். மைசூர் சந்தன சோப் அதன் பின்னால் வந்ததுதான்.

உங்கள் வீட்டுக்காரர் நீர்க்கடுப்புக்கும் இந்த வரலாற்றில் பதில் இருக்கிறது. யாரோ உங்களிடம் பாலில் விடச் சொன்னது வெறும் கட்டுக்கதை இல்லை. நாட்டு வைத்தியத்தில் நீர்க்கடுப்புக்கும் வெட்டைக்கும் சந்தனம் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலேயே, ஆண்டிபயாடிக் வருவதற்கு முன்னால், மேகவெட்டை (கொனோரியா) என்கிற பால்வினை நோய்க்குச் சந்தன எண்ணெயை மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்தார்கள். ஐரோப்பா போன எண்ணெயில் ஒரு பங்கு அதற்கே செலவானது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறும், சிறுநீரகம் எரிச்சலுற்று இடுப்பு வலியும் வந்தது அன்றைக்கே தெரியும். வேறு வழி இல்லாத காலம், தாங்கிக்கொண்டார்கள். பென்சிலின் வந்ததும் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் கொடுத்தது சோதித்த எண்ணெய், அளந்த அளவு. உங்கள் கையில் இருப்பதோ என்ன கலந்தது என்றே தெரியாத குப்பி. நீர்க்கடுப்புக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ, காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது இருந்தாலோ உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் காரணம் பார்த்தே ஆக வேண்டும்.

"சந்தன வாசனை காயத்தை ஆற்றும் என்று ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. அதிலும் பாதி உண்மை. 2014-ல் போஹும் பல்கலைக்கழகத்தில், தோல் செல்களில் வாசனையை உணரும் ஒரு ஏற்பி இருப்பதையும், ஒரு சந்தன வாசனைப் பொருள் அதைத் தூண்டினால் செல்கள் பெருகுவதையும் காட்டினார்கள். அருமையான ஆராய்ச்சி. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது செயற்கையாகச் செய்த சந்தன வாசனை, அதுவும் ஆய்வகத்துத் தட்டில். நம் மரத்து எண்ணெய்க்கு அது சான்று ஆகாது.

அசல் எண்ணெய் கிடைத்தால் பெரியவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம்? தோலுக்கு என்றால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். 10 மில்லி தேங்காய் எண்ணெயில் மூன்று அல்லது நான்கு சொட்டு, அவ்வளவுதான். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். சந்தன எண்ணெய்க்கு ஒவ்வாமை அபூர்வம், ஆனால் உண்டு. வாசனைக்கு என்றால் புடவைத் தலைப்பின் உள்மடிப்பில் ஒரு தொடல் போதும், பட்டில் நேராகப் படாமல். விளக்கில் ஊற்றுவது வீண். எரிந்தால் சந்தன மணம் வராது, கருகல்தான் வரும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் நான் தோலுக்கு எதுவும் சொல்வதில்லை. கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது, மணம் இன்னும் பதமாகும்.

இப்போது பரணில் இருக்கும் கட்டைக்கு வருகிறேன். அதை இறக்குங்கள். ஈரத் துணியால் தூசியைத் துடையுங்கள், தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். பழைய கட்டையின் முனை கறுத்து, மணமே இல்லாததுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையின் வெட்டுமுனையை வட்டமாகத் தேயுங்கள். முதலில் அழுக்காக ஒரு சாந்து வரும், வழித்து எறியுங்கள். இரண்டாவது முறை வெளிர் நிறத்தில், விரலில் வழுவழுவென்று வரும். அப்போது முகர்ந்து பாருங்கள். அதுதான் உங்கள் பாட்டி மணம். ஆனால் மணமே வராமல் வெறும் தூளாக உதிர்ந்தால், அது வேறு மரம். பூஜை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு முதல் வைத்தியம் காற்றும் தண்ணீரும்தான். மெல்லிய பருத்திச் சட்டை அல்லது சட்டையே இல்லாமல், மின்விசிறிக் கீழே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சாதாரணத் தண்ணீரில் உடம்பைக் குளிரவைத்துத் துணியால் ஒற்றிவிடுங்கள். பவுடரைக் கொட்டாதீர்கள். அப்புறமும் அத்தை ஆசைப்பட்டால், காய்ச்சி ஆறிய தண்ணீரில் அப்போதே இழைத்த சந்தனத்தை முதலில் முதுகில் காசளவு வைத்து ஒரு நாள் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் மெல்லிசாகப் பூசி, காய்ந்து உதிரத் தொடங்கும் முன் கழுவிவிடுங்கள். கழுத்து மடிப்பில் தேங்கவிடாதீர்கள், வாய்க்குப் போகும் கையில் பூசாதீர்கள். கடைச் சந்தன வில்லையும் பொடியும் வேண்டாம், அவற்றில் நிறமும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். பன்னீரும் வேண்டாம், அதே காரணம். சீழ் வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இழைத்து முடித்ததும் கட்டையைத் துடைத்து நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வைத்தால் விரிசல் விடும். ஓரத்தில் சில்லு பெயர்ந்தால் எறியாதீர்கள், பட்டுப்புடவை மடிப்பில் வையுங்கள்.